கிராம சபையில் ஒரு தீர்மானம்: முதன்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிராம சபைக்கு வருகிறவர்களில் பலர் கையில் ஒரு மனுவோடு வருகிறார்கள். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை வழிகிறது, வீடு கேட்டு எழுதிக் கொடுத்து வருஷக்கணக்காகிறது. மனுவைத் தலைவரிடமோ, கூட்டத்துக்கென வரும் அலுவலரான பற்றாளரிடமோ நீட்டிவிட்டு, மனத்தில் அடைத்துக் கிடந்ததைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மனு கட்டோடு கட்டாக ஒன்றிய அலுவலகத்துக்குப் போகும். கூட்டம் கலைந்த பிறகும் நிற்பது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய சில வரிகள்தான். அந்த வரிகளை வைத்துத்தான் மதிப்பீடு போடுவார்கள், நிதி கேட்பார்கள். பின்னாளில் “ஏன் நடக்கவில்லை” என்று நீங்கள் கேட்கவும் அந்த வரிகள்தான் வேண்டும்.

ஆகவே உங்கள் கோரிக்கையைத் தீர்மானப் புத்தகத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் இங்கே விஷயம். இதற்கு, தமிழ்நாட்டில் ஏதோவொரு கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும்.

படி 1: நீங்கள் யாராக அங்கே உட்காருகிறீர்கள்

1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பிலேயே இடம் கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்ததுதான் சபை. அதற்கடுத்து வந்த 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் சபையின் ஒப்புதல் வேண்டும், தணிக்கை அறிக்கை சபையின் முன் வர வேண்டும் என்று சொல்கிறது. ஆகவே அங்கே நீங்கள் விண்ணப்பதாரர் இல்லை. உறுப்பினர். பேச்சின் தொனியே இதனால் மாற வேண்டும். “ஐயா, தயவு பண்ணி” என்று தொடங்க வேண்டியதில்லை. “இந்தப் பொருளைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்” என்று தொடங்கலாம்.

ஊராட்சித் தலைவர் இல்லாத காலத்தில் சபை நடக்காது என்று பலர் நினைக்கிறார்கள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அதற்கு முன் 2016 முதல் 2019 வரையும் இதே நிலைதான். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் பதவிக்காலம் உண்டு. வாக்காளர்களால் ஆன சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. தனி அலுவலர் இருக்கும் ஊரில் சபைக்குப் போவது இன்னும் முக்கியம் என்பது என் கருத்து. தெருவில் வழிமறித்துக் கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத நேரம் அது.

படி 2: எந்தக் கதவைத் தட்ட வேண்டும்

முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மூன்று மணி நேரம் காத்திருந்து முதியோர் உதவித்தொகை பற்றிக் கேட்பார் ஒரு பாட்டி. “அது தாலுகா ஆபீஸ் பாட்டி, மனு குடுங்க” என்று பதில் வரும். பதில் தவறில்லை. ஆனால் இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த அம்மாவின் ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

குடிநீர் விநியோகம், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலைகள், வடிகால், தெருக்களின் சுத்தம், சுடுகாடு, இடுகாடு, பொதுக் கழிப்பிடம் ஆகியவை ஊராட்சியின் கட்டாயக் கடமைகள். சட்டத்தின் 110-ஆவது பிரிவு இவற்றைப் பட்டியலிடுகிறது. இவற்றில் “பார்க்கலாம்” என்ற பதிலுக்கு இடமில்லை.

முதியோர், கணவரை இழந்தோர், மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவித்தொகை வருவாய்த்துறை வழியாக வருவது. இ-சேவை மையத்தில் பதிவு செய்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அனுப்ப, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் முடிவெடுப்பார். முதியோருக்கான தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்ந்தது. 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையிலும் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பது ஊராட்சி அல்ல. ரேஷன் கடை, பட்டா, மின்கம்பம், ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவற்றுக்கும் வேறு வேறு அலுவலகங்கள்.

அதற்காக இவற்றைச் சபையில் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. தனி ஒருவரின் விண்ணப்பமாகப் பேசினால் பலன் குறைவு. “நமது ஊராட்சியில் தகுதியிருந்தும் உதவித்தொகை பெறாத முதியோரைக் கணக்கெடுக்க வருவாய்த்துறை சிறப்பு முகாம் நடத்தக் கோருகிறோம்” என்று ஊரின் தீர்மானமாகப் போட்டால், அந்த நகல் வட்டாட்சியர் மேசைக்குப் போகும்போது அதற்கு ஒரு எடை உண்டு.

சாலை விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். உங்கள் ஊர் வழியே போகும் சாலை நெடுஞ்சாலைத்துறையினுடையதா, ஊராட்சி ஒன்றியத்தினுடையதா, கிராம ஊராட்சியினுடையதா என்று ஊராட்சி செயலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கோரிக்கை எழுதுங்கள்.

படி 3: எந்த நாளில் எதைக் கேட்பது

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு நாட்கள் கிராம சபை நடந்துவந்தது. 2022-இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாகின. இடையில் சிறப்பு கிராம சபையும் கூட்டலாம்.

ஆறு நாட்களும் ஒரே மாதிரி அல்ல. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் வேலை அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான் சூடுபிடிக்கும். புதிய தார்ச்சாலை, சிமென்ட் சாலை, மேல்நிலைத் தொட்டி, வடிகால் போன்ற பெரிய வேலைகளைக் கேட்க அதுவே சரியான நாள். ஜனவரியில் கேட்டால் திட்டத்தில் ஏற்கெனவே இடம் நிரம்பியிருக்கும். மார்ச் 31-உடன் நிதியாண்டு முடிவதால் கணக்குக் கேட்க மே 1 நல்ல நாள். தண்ணீர்ப் பிரச்சினைக்கு மார்ச் 22 பொருத்தம். கோடைக்கு முன் மோட்டார் பழுது, கிணறு ஆழப்படுத்துதல் எல்லாம் முடிவாக வேண்டுமே.

கூட்டம் நடக்கும் நேரமும் இடமும் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன் ஊருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். முன்பு தண்டோரா போட்டார்கள். குறிப்பிட்ட சமூகத்தவரைப் பறையடிக்க வைக்கும் அந்த வழக்கம் இனி வேண்டாம் என்று 2022-இல் தலைமைச் செயலர் எழுதிய பிறகு ஒலிபெருக்கி வந்துவிட்டது. ஒலிபெருக்கி வண்டி உங்கள் தெருவுக்கு வரவில்லையென்றால் அதுவே சபையில் பதிவு செய்ய வேண்டிய பொருள்தான். அறிவிப்பு எட்டாத தெருவில் எப்போதும் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும்.

படி 4: பணம் எங்கே இருக்கிறது

“நிதி இல்லை” என்பது சபையில் அதிகம் கேட்கும் பதில். பல நேரம் அது உண்மை. சில நேரம் அது பாதி உண்மை. ஒரு கணக்கில் பணம் இருக்கும், ஆனால் நீங்கள் கேட்கும் வேலைக்கு அந்தக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. எந்தப் பணம் எதற்கு என்று தெரிந்தவரிடம் இந்தப் பதிலைச் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை ஊராட்சியின் சொந்த வருமானம். மாநில நிதி ஆணையம் வழியாக வரும் மானியத்தில் பெரும்பகுதி தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டுவதிலும், சம்பளத்திலும் கரைந்துவிடும். ஒன்றிய அரசின் நிதிக்குழு மானியம் மூன்றாவது. 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில் இதில் 60 விழுக்காடு கட்டுப்பாட்டோடு வந்தது: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மீதி 40 விழுக்காட்டைச் சம்பளம் தவிர ஊருக்குத் தேவையான வேலைகளுக்குச் செலவிட முடிந்தது. ஆகவே அந்தக் காலத்தில் குழாய் நீட்டிப்பு கேட்டவருக்கு இருந்த வாய்ப்பு, நூலகக் கட்டடம் கேட்டவருக்கு இருந்ததைவிட அதிகம். உங்கள் ஊராட்சிக்கு நடப்பு ஆண்டில் எந்தத் தலைப்பில் எவ்வளவு வந்திருக்கிறது என்று செயலரிடம் கேளுங்கள். 2020-இல் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்திலும் ஊராட்சிவாரியாகப் பார்க்கலாம்.

சொந்த வருமானத்தை அலட்சியமாக நினைக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி தன் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவி, மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுத்து வருமானம் பார்த்தது. எல்லா ஊரும் காற்றாலை வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஒரு கிராம ஊராட்சிக்குத் தானாக முடிவெடுக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை அந்த ஊர் காட்டியது.

படி 5: கோரிக்கையைத் தீர்மானமாக எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

“எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வசதி செய்து தர வேண்டும்” என்று எழுதினால், “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று பதிவாகும். எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தக் குழாய், யார் செய்ய வேண்டும் என்று எதுவுமில்லாத வரியை வைத்துக்கொண்டு பொறியாளரால் மதிப்பீடு போட முடியாது. நீங்களும் பின்னால் கணக்குக் கேட்க முடியாது.

எடுத்துக்காட்டாக இப்படி எழுதிப் பாருங்கள்:

“3-ஆவது வார்டு மேலத்தெருவில் குடிநீர்க் குழாய் தெருமுனைக் கைபம்பு அருகே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் உள்ள 38 வீடுகளுக்கு இணைப்பு இல்லை. குழாயைத் தெருவின் கிழக்குக் கோடி வரை ஏறத்தாழ 120 மீட்டர் நீட்டித்து 38 வீடுகளுக்கும் இணைப்பு வழங்க, நிதிக்குழு மானியத்தின் குடிநீர்ப் பங்கிலிருந்து நிதி ஒதுக்கி, மதிப்பீடு தயாரிக்க வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்ள இச்சபை தீர்மானிக்கிறது.”

இடம், பாதிக்கப்படுவோர், செய்ய வேண்டிய வேலை, பணம் எங்கிருந்து, யார் பொறுப்பு என்று ஐந்தும் இதில் இருக்கின்றன. நீளத்தைக் காலடியால் அளந்து எழுதினாலும் போதும். துல்லியமாக அளக்க பணி மேற்பார்வையாளர் வருவார். வேலை நடக்க வேண்டிய இடத்தில் நிலப் பிரச்சினை வரும் என்று தோன்றினால் புல எண்ணையும், அது எந்த வகைப் புறம்போக்கு என்பதையும் சேருங்கள். நல்ல வேலைகள் பல, குழி தோண்டப் போன அன்று யாரோ ஒருவர் வந்து “இது எங்க பட்டா நிலம்” என்று சொன்னதோடு நின்றுபோயிருக்கின்றன.

தண்ணீரின் அளவு குறைவு என்பது புகாரானால் அளவையே எழுதுங்கள். வீடுகளுக்குக் குழாய்நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டத்தின் இலக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர் வர வேண்டும். உங்கள் குழாயில் எத்தனை குடம் நிறைகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தால், “தண்ணி சரியா வரலை” என்ற பேச்சுக்குப் பதிலாக யாரும் மறுக்க முடியாத கணக்கு ஒன்று கையில் இருக்கும்.

படி 6: முந்தைய வாரத்தில் செய்ய வேண்டியது

கூட்டப் பொருள் பட்டியலில் பெரும்பகுதி மேலிருந்து வருகிறது. பொது நிதிச் செலவினம், தணிக்கை அறிக்கை, டெங்கு தடுப்பு, வேலை உறுதித் திட்டம், வீட்டுத் திட்டங்கள், தூய்மை இயக்கம் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் “இதர பொருட்கள்” என்று ஒன்று நிற்கும். ஊர்க்காரர்கள் கேட்க நினைப்பதெல்லாம் அங்கேதான் வரும். அதற்குள் வெயில் ஏறி, பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். எழுதிய தீர்மானத்தைச் செயலரிடம் முன்கூட்டியே கொடுத்து, தொடர்புள்ள பொருளோடு சேர்த்து எடுக்கும்படி கேளுங்கள். தண்ணீர்க் கோரிக்கை குடிநீர்ப் பொருளோடு வரட்டும். இரண்டு பிரதிகள் கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே வாரத்தில் அக்கம்பக்கத்தாரைத் திரட்டுங்கள். குறைவெண் வரம்பு என்று ஒன்று இருக்கிறது: 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் சொல்வதுதான் விரைவான வழி. எட்டு வீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்து ஒரே விஷயத்தைச் சொன்னால், அது ஒருவரின் சொந்தச் சண்டையாகத் தெரியாது.

படி 7: கூட்ட நாள்

முன்னதாகப் போய் வரவு செலவுப் பதாகையைப் படியுங்கள். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கான படிவம் 30-இன் சுருக்கம் மக்கள் பார்வையில் வைக்கப்பட வேண்டும் என்பது ஏற்பாடு. உங்கள் தெருவில் நடந்ததாக எழுதப்பட்ட வேலை உண்மையில் நடந்ததா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

உட்காரும் இடத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மதச்சார்புள்ள எந்த வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது என்று அரசு அறிவுறுத்துகிறது. கோயில் வளாகத்தில் நடத்தினால் ஊரில் ஒரு பகுதியினர் வாசலோடு நிற்க நேரும் என்ற உண்மை அதன் பின்னால் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும் விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் 2006 வரை தேர்தலே முறையாக நடக்க விடப்படவில்லை. மேலவளவில் 1997-இல், அப்படி ஒதுக்கப்பட்ட பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் கொல்லப்பட்டார். இந்த வரலாற்றை மறந்துவிட்டு “எல்லாரும் வந்து பேசலாமே” என்று சொல்வது எளிது. காலனித் தெருவிலிருந்து ஒருவர் எழுந்து பேசும்போது குறுக்கே சத்தம் வந்தால், அவர் பேசி முடிக்கட்டும் என்று மற்ற தெருக்காரர் ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

உங்கள் முறை வரும்போது எழுதியதைப் படியுங்கள். இரண்டு நிமிடம் போதும். பழைய பகை, தேர்தல் கதை எதையும் இழுக்காதீர்கள். “தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள்” என்று சொல்லுங்கள். மறுத்தால், மறுப்பையும் காரணத்தையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

இறுதியாக ஒரு எச்சரிக்கை: வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும் தீர்மானத்துக்கு ஒப்புதல் தருவதும் வேறு வேறு. எழுதப்பட்ட தீர்மானங்களை முழுவதும் வாசித்த பிறகே கூட்டத்தை முடிக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தின் அடியில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

வீட்டுப் பட்டியல் வாசிக்கப்படும்போது

2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் கிடைக்கிறது. குடிசையில் இருப்பவருக்கு இது வாழ்நாள் விஷயம். பயனாளிகள் பட்டியல் சபையின் ஒப்புதலுக்கு வரும். பெயர்களைச் சத்தமாக, ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். மாடி வீட்டுக்காரர் பெயர் வந்தால் அங்கேயே ஆட்சேபம் பதிவாக வேண்டும். பிறகு டீக்கடையில் பேசிப் பயனில்லை. விடுபட்டவர் பெயரையும் அப்போதே சொல்லுங்கள். தங்களுக்காகப் பேசத் தெரியாதவர்கள், தனியே வாழும் மூதாட்டிகள், வெளியூர் செங்கல் சூளைக்குப் போயிருப்பவர்கள்தான் இந்தப் பட்டியல்களில் முதலில் காணாமல் போகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் குரலுக்கு ஒரு புதிய வழி வந்திருக்கிறது. ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை நியமன உறுப்பினராக்கும் சட்டத்திருத்தம் 2025-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உங்கள் ஊரில் அந்த இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

படி 8: தீர்மானத்துக்குப் பிறகு

தீர்மானம் நிறைவேறியதும் வேலை தொடங்கிவிடாது. பணி மேற்பார்வையாளர் இடம் பார்ப்பார், மதிப்பீடு தயாராகும், தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் வர வேண்டும், பிறகே பணி ஆணை. இந்தச் சங்கிலியில் கோப்பு எங்கே நிற்கிறது என்று கேட்கத் தெரிந்தால் போதும். “என்ன ஆச்சு?” என்று கேட்டால் “போய்க்கிட்டிருக்கு” என்பார்கள். “மதிப்பீடு போட்டாச்சா, எந்தத் தேதியில் அனுமதிக்கு அனுப்பினீங்க?” என்று கேட்டால் ஒரு தேதியாவது கிடைக்கும்.

முதலில் தீர்மானத்தின் நகலை வாங்கி வையுங்கள். நகல் தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்போருக்குக் கட்டணம் இல்லை. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும், உரிய இடத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. “ஏன் செய்யவில்லை” என்று கேட்காமல், “இந்தத் தேதியிட்ட கிராம சபையின் தீர்மான நகல், அதன்மீது எடுத்த நடவடிக்கையின் நகல்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

இரண்டு மாதம் போயும் அசைவில்லையென்றால் நகலோடு வட்டார வளர்ச்சி அலுவலரை நேரில் பாருங்கள். அடுத்தது மாவட்டத்தில் ஊராட்சிகளின் உதவி இயக்குநர். அதற்கும் மேல் திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே வரும் நூற்றுக்கணக்கான மனுக்களுக்கு நடுவே சபைத் தீர்மானம் இணைந்த மனுவைத் தனிநபர் கோரிக்கை என்று ஒதுக்கிவிடுவது கடினம். மனு ரசீதின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது போய்ப் பாருங்கள். 120 மீட்டர் என்று எழுதிய குழாய் 90 மீட்டரில் நின்றால், பில் போவதற்கு முன் சொல்வதுதான் பயனுள்ளது. முடிந்த வேலையின் அளவு, அளவுப் புத்தகத்தில் பதிவான பிறகு மாற்றுவது பெரும்பாடு. அடுத்த கிராம சபை எந்தத் தேதியோ, அன்றைய கூட்டத்தில் முதல் பொருளாக, முந்தைய கூட்டத்தின் தீர்மானங்கள் மீது எடுத்த நடவடிக்கையை வரிசை எண்ணோடு வாசிக்கச் சொல்லுங்கள்.